போக்குவரத்து ஆய்வு: தொழில்நுட்பம் மாறும் வேகத்துக்கு ஈடுகொடுப்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சாலையில் ஓடும் வண்டிகளை எண்ணுவது, வேகத்தை அளப்பது, மக்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று கேட்பது, அதை வைத்து சிக்னலையும் பாலத்தையும் பேருந்துத் தடத்தையும் திட்டமிடுவது. இந்தப் பக்கத்தில் ‘போக்குவரத்து ஆய்வு’ என்று சொல்வது இவற்றைத்தான். நகராட்சிப் பொறியாளர்களும் ஆய்வு மாணவர்களும் டி.பி.ஆர். (விரிவான திட்ட அறிக்கை) தயாரிக்கும் ஆலோசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, நம் ஊர்ச் சாலைகளை மனதில் வைத்து இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

ஆய்வு எப்போதும் பின்தங்கியே வருகிறதே, ஏன்?

நாட்காட்டியை எடுத்துக் கணக்குப் போட்டால் பாதி விடை கிடைத்துவிடும். முன்மொழிவு எழுதி நிதி கைக்கு வர ஒரு வருடம். டெண்டர், முன்னோட்ட சர்வே, ஆட்களுக்குப் பயிற்சி என்று ஆறு மாதம். களப்பணிக்கு ஒரு வருடம். மழையும் தேர்தலும் குறுக்கே வந்தால் இன்னும் கொஞ்சம். பகுப்பாய்வு, வரைவு அறிக்கை, குழு ஒப்புதல் என்று மேலும் ஒன்றரை வருடம். ஆக நான்கு வருடம். அதற்குள் பைக் டாக்ஸி வந்துவிடும், பத்து நிமிட டெலிவரி வந்துவிடும், ஆட்டோவில் பாதி மின்சாரத்துக்கு மாறிவிடும்.

பணம் இருந்தாலும் இது தப்பாது. அமெரிக்காவில் எஸ்.எச்.ஆர்.பி.-2 என்ற திட்டத்தின் கீழ் 2010 முதல் 2013 வரை 3,000-க்கும் மேற்பட்டோரின் கார்களில் கேமராவும் சென்சாரும் பொருத்தி, அவர்கள் அன்றாடம் எப்படி ஓட்டுகிறார்கள் என்று பதிவு செய்தார்கள். மலை மலையாகத் தரவு, இன்றும் பயன்படுகிறது. ஆனால் அந்தக் கார்களில் பெரும்பாலானவற்றில் தானாக பிரேக் பிடிக்கும் வசதி கிடையாது.

நம் பக்கத்தில், இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 106 என்ற நகர்ப்புறச் சாலைக் கொள்ளளவு வழிகாட்டி வந்தது 1990-இல். ஒரு வண்டி எத்தனை காருக்குச் சமம் என்று சொல்லும் அதன் பிசியு அட்டவணையில் குதிரை வண்டிக்கும் கைவண்டிக்கும் தனி வரி உண்டு, இ-ரிக்‌ஷாவுக்குக் கிடையாது. அட்டவணை போட்டவர்கள் மேல் குற்றம் இல்லை, அன்றைய சாலை அப்படி. 2017-இல் மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில், அண்ணா பல்கலைக்கழகம் உட்படப் பல நிறுவனங்கள் சேர்ந்து இந்தோ-எச்.சி.எம். என்ற புதிய கொள்ளளவுக் கையேட்டைக் கொண்டுவந்தன. அதற்குப் பிறகும் 1990 அட்டவணையை அப்படியே ஒட்டிய அறிக்கைகள் வந்துகொண்டிருப்பதுதான் வருத்தம்.

மீதிப் பாதி விடை: கேள்வியைக் கருவியோடு சேர்த்துத் தைத்துவிடுகிறோம். ‘புளூடூத் மூலம் பயண நேர ஆய்வு’ என்று தலைப்பிலேயே கருவியைக் கட்டிவிட்டால், கருவி காலாவதியாகும் அன்றே ஆய்வும் காலாவதி.

அப்படியானால் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது?

அளக்கப்படும் பொருளின் வரையறை மாறக்கூடாது. அளக்கும் கருவி எத்தனை முறை வேண்டுமானாலும் மாறட்டும்.

பயண நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘முதல் சிக்னலின் நிறுத்தக்கோட்டைக் கடந்த நொடியிலிருந்து, நான்காவது சிக்னலின் நிறுத்தக்கோட்டைக் கடக்கும் நொடி வரை; வழியில் 5 நிமிடத்துக்கு மேல் நின்ற வண்டி கணக்கில் இல்லை; டூவீலர், ஆட்டோ, கார், பேருந்து தனித்தனி; சராசரி மட்டுமல்ல, 95-ஆவது சதமானமும் (நூறில் 95 வண்டிகள் அதற்குள் கடந்துவிடும் நேரம்) வேண்டும்.’ இப்படி எழுதி வைத்துவிட்டால், 2010-இல் காரில் ஆள் உட்கார்ந்து ஸ்டாப்வாட்ச் பிடித்ததையும், இன்று நம்பர் பிளேட் கேமரா தருவதையும் ஒரே வரிசையில் வைக்கலாம். ‘கருவி தருவதே பயண நேரம்’ என்று விட்டுவிட்டால், கருவி மாறிய வருடத்தில் வரைபடம் ஒரு குதி குதிக்கும். நெரிசல் குறைந்ததா, கருவி மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் கருவியை மாற்றும்போது பழையதையும் புதியதையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சில வாரம் சேர்த்து ஓட்ட வேண்டும். குறைந்தது இரண்டு முழு வாரம். முடிந்தால் ஒரு மழை வாரமும் இருக்கட்டும். இந்தச் செலவைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள். வெட்டினால் பத்து வருடத் தொடர் இரண்டு துண்டாகிவிடும்.

புளூடூத், வைஃபை ஸ்கேனர் இன்னும் பயன்படுமா?

வைஃபை ஸ்கேனரை நம்பி இனி புது ஆய்வு தொடங்க வேண்டாம். சாலையோரப் பெட்டி, கடந்து போகும் போன்களின் அடையாள எண்ணைப் பிடித்து, அடுத்த பெட்டியில் அதே எண் வரும்போது நேர வித்தியாசத்தைக் கணக்கிடும். இதுதான் அந்த முறை. 2014-இல் ஐ.ஓ.எஸ். 8 வந்ததிலிருந்து, வைஃபை தேடும்போது ஐபோன் பொய் எண் கொடுக்கத் தொடங்கியது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10, 2020-இல் ஐ.ஓ.எஸ். 14 என்று வலையமைப்பில் இணையும்போதும் எண்ணை மாற்றுவது இயல்பானது. விளைவு இரண்டு: ஒரே போன் பல போன்களாகப் பதிவாகிறது, இரண்டு பெட்டிகளில் ஒத்துப்போகும் எண்கள் குறைகின்றன. பெட்டி பழுதாகவில்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பதிவுகளின் எண்ணிக்கை ஏறுகிறது, பொருத்தம் மட்டும் இறங்குகிறது. பொருத்த விகிதத்தை மாதாமாதம் வரைந்து பார்க்கிறவருக்கு மட்டுமே இது கண்ணில் படும்.

புளூடூத்தில், காரின் ஆடியோ அமைப்பு போன்ற பழைய வகைச் சாதனங்கள் நிலையான எண்ணோடு இன்னும் கிடைக்கும். ஆனால் அப்படிக் கிடைப்பது பெரும்பாலும் கார்தான். டூவீலர் நிரம்பிய நம் சாலையில் காரின் பயண நேரத்தை ‘சாலையின் பயண நேரம்’ என்று எழுதுவது தவறு. நெரிசல் நேரத்தில் டூவீலர் சந்து பிடித்து முன்னால் போய்விடும்.

கேமராவையும் ஏ.ஐ.-யையும் வைத்து வண்டிகளை எண்ணினால் போதுமா?

எண்ணலாம், எண்ணத்தான் வேண்டும். ஆனால் வாங்கிய மென்பொருளை அப்படியே மாட்டிவிட்டு வரும் எண்ணை நம்பக்கூடாது.

முதல் சிக்கல், ஆட்டோ. படத்தில் உள்ள பொருளை அடையாளம் காண இலவசமாகக் கிடைக்கும் யோலோ வகை ஏ.ஐ. மாதிரிகளில் பெரும்பாலானவை கோகோ என்ற படத்தொகுப்பில் பயிற்சி பெற்றவை. அதில் 80 வகைப் பொருள்கள் உண்டு. சைக்கிள், கார், மோட்டார் சைக்கிள், பேருந்து, லாரி எல்லாம் உண்டு. ஒட்டகச்சிவிங்கிக்கும் இடம் இருக்கிறது, ஆட்டோவுக்கு இல்லை. ஆகவே ஆட்டோவைப் பார்த்தால் அது கார் என்றோ லாரி என்றோ சொல்லும். சில சமயம் கண்டுகொள்ளவே கொள்ளாது. ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி. 2018-இல் வெளியிட்ட ஐ.டி.டி. தொகுப்பில் ஆட்டோ தனி வகையாக உண்டு. அதிலிருந்து தொடங்கி, உங்கள் ஊர்ப் படங்கள் சில ஆயிரம் சேர்த்து மறுபயிற்சி கொடுங்கள். ஷேர் ஆட்டோ, மின் ரிக்‌ஷா, குட்டி யானை மூன்றையும் பிரித்துக் குறியிடுவது கடினம். அங்கேதான் நேரம் போகும்.

இரண்டாவது, மொத்தம் சரியாக வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பது. ஒரு மணி நேரத்தில் ஆள் எண்ணியது இப்படி என்று வைத்துக்கொள்வோம்: டூவீலர் 1,400, கார் 640, ஆட்டோ 240, பேருந்து 50, சிறு சரக்கு வண்டி 70, மொத்தம் 2,400. மென்பொருள் சொன்னது: டூவீலர் 1,290, கார் 850, ஆட்டோ 60, பேருந்து 46, சரக்கு 104, மொத்தம் 2,350. ஒப்பிட ஜி.இ.எச். என்ற அளவை இருக்கிறது: இரண்டு எண்ணிக்கைகளின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, இரண்டால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கமூலம் எடுப்பது. 5-க்குள் இருந்தால் ஏற்கலாம் என்பது நடைமுறை. மொத்தத்துக்கு இது 1.03, பிரமாதம். ஆட்டோவுக்கு 14.7. காருக்கு 7.7. மொத்தத்தை மட்டும் காட்டும் அறிக்கையில் 180 ஆட்டோ கார்களுக்குள் ஒளிந்துகொள்ளும்.

இதில் இன்னொரு வழுக்கல்: ஜி.இ.எச். மணிக்கணக்கு எண்ணிக்கைக்கு உரியது. 15 நிமிட எண்ணிக்கையை நான்கால் பெருக்காமல் அப்படியே போட்டால் மதிப்பு பாதியாகிவிடும். தோற்க வேண்டியது தேறிவிடும். தெரிந்தே செய்கிறார்களோ தெரியாமலோ, அறிக்கைகளில் இது அடிக்கடி கண்ணில் படுகிறது.

சரிபார்க்கும் முறை இது:

1. 15 நிமிடத் துண்டுகள் ஆறு எடுங்கள்: காலை உச்சம், நடுப்பகல், சூரியன் கேமராவுக்கு நேராக இருக்கும் மாலை, ஹெட்லைட் கண்ணைக் கூசும் இரவு, மழை, வண்டிகள் நகராத முழு நெரிசல்.
2. ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தனித்தனியாக, பாதி வேகத்தில் ஓட்டி எண்ணட்டும். இருவருக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாமவர் எண்ண வேண்டும். மனிதக் கண்ணும் தவறும்.
3. வகை வாரியாக ஒப்பிட்டு, எந்த வகை எந்த வகையாகத் தவறாகப் படிக்கப்பட்டது என்ற கட்டத்தை அறிக்கையில் சேருங்கள்.
4. மென்பொருளின் பதிப்பு எண், எடைக்கோப்பின் (பயிற்சி பெற்ற மாதிரியைச் சேமித்த கோப்பு) பெயர், பயிற்சி தேதி மூன்றையும் எண்ணிக்கைக் கோப்பிலேயே எழுதிவையுங்கள். பதிப்பு மாறினால் பழைய வீடியோவிலிருந்து ஒரு மாதிரியைப் புதியதில் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

கேமராவை எங்கே வைப்பது என்பதும் மென்பொருளுக்குச் சமமான விஷயம். 6 முதல் 8 மீட்டர் உயரமாவது வேண்டும். தாழ்வாக வைத்தால் பேருந்துக்குப் பின்னால் வரும் டூவீலர்கள் மறைந்துவிடும். எண்ணும் கோட்டை சிக்னலின் நிறுத்தக்கோட்டில் போடாதீர்கள். அங்கே வண்டி நிற்கும், மறையும், மீண்டும் தெரியும். மென்பொருள் அதைப் புது வண்டி என்று இன்னொரு முறை எண்ணும். ஜங்ஷனைக் கடந்து வண்டிகள் விரிந்து போகும் இடத்தில் போடுங்கள்.

நொடிக்கு எத்தனை படம் என்பதையும் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் போகும். நொடிக்கு 5 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 3.3 மீட்டர், அதாவது டூவீலரின் நீளத்தைவிட அதிகம். தொடர்ந்து பின்பற்ற முடியாமல் விட்டுவிடும். 25 படம் இருந்தால் 0.67 மீட்டர். ஏற்கெனவே இருக்கும் காவல் கேமராப் பதிவைக் கேட்டு வாங்கும்போது, சேமிப்பில் படங்களைக் குறைத்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

மூல வீடியோவை எவ்வளவு காலம் வைத்திருப்பது? இடம் பிடிக்குமே.

4 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் மணிக்கு 1.8 ஜிபி; 16 மணி நேர சர்வேக்கு 29 ஜிபி. பத்து இடம், ஏழு நாள் என்றால் ஏறத்தாழ 2 டெராபைட். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடும். பாதுகாப்புக்கு இன்னொரு நகல். வருங்கால மென்பொருள் இன்றைய வீடியோவிலிருந்து இன்று நாம் கேட்கத் தோன்றாத கேள்விக்கும் பதில் எடுக்கும். எண்ணிக்கைத் தாளை வைத்துக்கொண்டு வீடியோவை அழித்துவிட்டால் அந்த வழி அடைபடும். முகமும் நம்பர் பிளேட்டும் மங்கலாக்கிய பிரதியை நீண்டகாலத்துக்கு வைத்துக்கொண்டு, மூலத்தைக் குறித்த தேதியில் அழிப்பது நல்ல நடைமுறை.

பெரிய நிறுவனங்கள் இலவசமாகத் தரும் தரவை வைத்து ஆய்வைத் தொடங்கலாமா?

தொடங்கலாம். அதுவே ஒற்றைத் தூணாக இருக்கக்கூடாது. ஊபர் மூவ்மென்ட் 2017-இல் தொடங்கியது, பெங்களூரு, டெல்லி, மும்பை, ஐதராபாத் பயண நேரங்களைக்கூடத் தந்தது, 2023-இல் மூடப்பட்டது. கூகுளின் சமூக நடமாட்ட அறிக்கை 2020 ஏப்ரலில் வந்து 2022 அக்டோபரில் நின்றது. ட்விட்டர் பதிவுகளிலிருந்து விபத்து, நெரிசல் கண்டுபிடிக்கும் ஆய்வுகள் ஒரு காலத்தில் மாநாட்டுக்கு மாநாடு வரும். 2023-இல் கல்வி ஆய்வுக்கான இலவச அணுகலை நிறுத்தியதோடு அந்தக் கடை காலி. முனைவர் பட்டத்துக்கு ஐந்து வருடம் ஆகிறது. தரவின் ஆயுள் அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

கிடைக்கும் நாளிலேயே, உரிமம் அனுமதிக்கும் அளவுக்கு, உங்கள் சொந்தப் பிரதியைச் சேமித்து வையுங்கள். வரைபடச் சேவைகளின் பயண நேரத்தைச் சேமித்து வைப்பதற்கு விதிகளில் கட்டுப்பாடு உண்டு. படித்துவிட்டுத் தொடங்குங்கள், ஆய்வறிக்கை எழுதும்போது அல்ல. கூடவே, சிறிய அளவிலாவது உங்கள் கையில் இருக்கும் ஓர் அளவீடு வேண்டும்: மாதம் ஒரு நாள், இரண்டு சாலை, ஜி.பி.எஸ். வைத்து ஓட்டிப் பார்த்தாலும் போதும். வெளித் தரவு நின்றுபோனால் தொடரைத் தாங்க அது இருக்கும்.

தரவு தர மறுத்தால் என்ன செய்வது? சான்பிரான்சிஸ்கோவில் ஊபர், லிஃப்ட் என்ற வாடகைக் கார் செயலிகளின் பயண விவரம் நகர அமைப்புக்குக் கிடைக்கவில்லை. செயலிகள் பொதுவில் காட்டிய வண்டி இருப்பிடங்களை 2016-இல் பல வாரம் சேகரித்து, ஆய்வாளர்கள் மதிப்பீடு செய்தார்கள்: வேலை நாளில் ஏறத்தாழ 1,70,000 பயணங்கள், நகருக்குள் நடக்கும் வாகனப் பயணங்களில் 15 சதவீதம். நியூயார்க்கில் அந்தச் சங்கடம் இல்லை; பயண விவரத்தைத் தருவது உரிம நிபந்தனையே. உரிமம் கொடுக்கும்போதே கேட்டு வாங்குவதுதான் எளிய வழி, மலிவான வழியும்கூட.

ஃபாஸ்டேக், ‘வாகன்’ என்ற அரசின் வாகனப் பதிவேடு இரண்டும் நம் கையிலேயே இருக்கின்றனவே?

இருக்கின்றன. எதைக் காட்டும், எதை மறைக்கும் என்று தெரிந்துகொண்டு எடுங்கள். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதால் நெடுஞ்சாலையில் எந்தச் சாவடியிலிருந்து எந்தச் சாவடி வரை என்ற பயணத் தடம் நன்றாகக் கிடைக்கிறது. முன்பு சாலையில் வண்டியை மறித்துக் கேள்வி கேட்டு எடுத்த ஓ.டி. (புறப்படும் இடம், சேரும் இடம்) சர்வேயில் கிடைத்ததைவிடப் பல மடங்கு. ஆனால் டூவீலருக்கும் ஆட்டோவுக்கும் சுங்கம் இல்லை, ஆகவே தரவிலும் அவை இல்லை. சாவடிக்கு முன்பே கிராமச் சாலையில் திரும்பிவிடும் உள்ளூர்க்காரரும் இல்லை.

வாகன் பதிவேடு பதிவைக் காட்டும், ஓட்டத்தைக் காட்டாது. மின்சார டூவீலர் குறித்த அறிக்கைகளில் மூன்று விகிதங்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன: புதிய பதிவுகளில் பங்கு, சாலையில் உள்ள வண்டிகளில் பங்கு, ஓடும் கிலோமீட்டரில் பங்கு. 100 டூவீலரில் 6 மின்சாரம், அவை டெலிவரிக்காக நாளுக்கு 90 கி.மீ. ஓடுகின்றன, மற்ற 94-ம் வீட்டு வண்டி, நாளுக்கு 20 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டரில் மின்சாரத்தின் பங்கு 6 அல்ல, 22 சதவீதம். காற்று மாசைக் கணக்கிட வேண்டியது கடைசி எண்ணை வைத்து. அதற்கு வாகன நிறுத்துமிடத்தில் ஓடோமீட்டரைப் பார்த்து எழுதும் பழைய சர்வேதான் கைகொடுக்கும். மணிக்கு ஒருவர் நூறு வண்டியாவது பார்த்துவிடலாம்.

பிசியு மதிப்புகளை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும்?

பிசியு என்றால், ஒரு வண்டி எத்தனை காருக்குச் சமம் என்ற எண். வருடக் கணக்கு வேண்டாம், சாலையில் ஓடும் வண்டிகளின் அளவு மாறும்போது திருத்துங்கள். இந்தியாவில் பரவலாகப் புழங்கும் முறையில், காரின் வேகத்தை அந்த வண்டியின் வேகத்தால் வகுத்து, வந்ததை காரின் பரப்பளவுக்கும் அந்த வண்டியின் பரப்பளவுக்கும் உள்ள விகிதத்தால் வகுப்பார்கள்.

இதில் எல்லோரும் டூவீலர் மாறியதா, ஆட்டோ மாறியதா என்று பார்க்கிறார்கள். மாறியிருப்பது கார். 3.72 மீட்டர் நீளம், 1.44 மீட்டர் அகலம் கொண்ட பழைய சிறிய காரின் பரப்பு 5.36 சதுர மீட்டர். இன்று நான்கு மீட்டருக்குள் வரும் குட்டி எஸ்.யு.வி. 3.99-க்கு 1.77 என்று வைத்தால் 7.06. டூவீலரின் பரப்பு 1.20, வேகம் சமம் என்றால் பழைய காருக்கு எதிரே அதன் பிசியு 0.22, புதியதற்கு எதிரே 0.17. டூவீலர் அப்படியேதான் இருக்கிறது, அளவுகோல் தடித்துவிட்டது. பழைய பிசியுவையும் புதிய பிசியுவையும் கலந்து இரண்டு வருட நெரிசலை ஒப்பிட்டால், இல்லாத முன்னேற்றம் தெரியும். எந்தக் காரை 1.0 என்று கொண்டீர்கள் என்பதை நீள அகலத்தோடு அறிக்கையில் எழுதுங்கள். பிசியுவாக மாற்றாத, வகை வாரியான எண்ணிக்கையையும் எப்போதும் பின்னிணைப்பில் கொடுங்கள்.

பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் வீட்டு நேர்காணல் சர்வே இனியும் தேவையா?

தேவை. வடிவம்தான் மாற வேண்டும். பிரிட்டனின் தேசியப் பயண சர்வே 1988 முதல் நிற்காமல் ஓடுகிறது. ஜெர்மனியில் ஒரே குடும்பங்களைத் தொடர்ந்து கேட்கும் குழு சர்வே 1994-இலிருந்து நடக்கிறது. 10,000 வீட்டை ஒரே வருடத்தில் கேட்பதற்குப் பதில் வருடம் 1,000 வீடு. ஒரு பயண முறையின் (பேருந்து, ஆட்டோ போல) பங்கு 30 சதவீதம் என்றால் 1,000 மாதிரியில் பிழை 3 சதவீதப் புள்ளிக்குள். அக்கம்பக்கத்து வீடுகளைச் சேர்த்தே எடுக்கும் கொத்து மாதிரியானால் சற்றுக் கூடும். வார்டு வாரியாக உடைக்க அது போதாது, மூன்று நான்கு வருடத்தைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் பைக் டாக்ஸி வந்த வருடம் வரைபடத்தில் தெரியும். கொள்கை மாறிய வருடமும் தெரியும்: 2021-இல் தமிழகச் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது, செயலி எதையும்விடப் பெரிய மாற்றம்.

படிவத்தில் இரண்டு இடங்கள் பழசாகிப்போகும். ஒன்று, ‘பயண முறை’ பட்டியல். ‘ஆட்டோ’ என்று ஒரே கட்டம் வைக்காமல், தெருவில் மறித்தது, செயலியில் அழைத்தது, பங்கு ஆட்டோ என்று பிரியுங்கள். கடைசியில் ஒன்றாகச் சேர்த்தால் பழைய சர்வேயோடு ஒப்பிட முடிகிற மாதிரி இருக்கட்டும். இரண்டு, போகாத பயணம். கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்த பொட்டலம் எத்தனை, வீட்டிலிருந்தே வேலை பார்த்த நாள் எத்தனை என்று கேட்காவிட்டால், பயணம் குறைந்ததற்குக் காரணம் தெரியாமல் போகும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலைக்குப் போகும் தூரத்தையும் முறையையும் 2011-இல் கேட்டது. விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத பிற தொழிலாளர்களுக்கான அந்த அட்டவணை, உங்கள் மாதிரியைச் சரிபார்க்க இன்றும் உதவும்.

போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் மாதிரிகளை நம்பலாமா?

மென்பொருள் புதிது, உள்ளே இருக்கும் சமன்பாடு பழையது. எந்தச் சாலையில் எத்தனை வண்டி போகும் என்ற கணக்கில் (சாலை ஒதுக்கீடு) இன்றும் புழங்கும், நெரிசல் கூடும்போது பயண நேரம் எவ்வளவு கூடும் என்று சொல்லும் பி.பி.ஆர். சூத்திரம் 1964-இல் வந்தது, அதன் 0.15, 4 என்ற எண்கள் அமெரிக்கச் சாலைகளுக்கு உரியவை. விஸ்ஸிம் என்ற மென்பொருளில், முன்னால் போகும் வண்டியைப் பின்னால் வருவது எப்படித் தொடரும் என்று சொல்லும் ஒரு மாதிரியின் பெயரிலேயே 74 இருக்கிறது, அதாவது 1974. பழசு என்பதற்காகத் தள்ள வேண்டாம், நம் சாலைக்கு அளவுதிருத்தம் செய்யாமல் ஓட்ட வேண்டாம் என்பதுதான் விஷயம். இலவச மென்பொருளான சுமோவில் பாதைக்குள் பக்கவாட்டில் நகரும் வசதி உண்டு. டூவீலர் நிறைந்த சாலைக்கு அதை இயக்காமல் ஓட்டினால் வண்டிகள் ராணுவ அணிவகுப்புபோல வரிசையில் போகும்.

ட்ரோன் வைத்து எடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

மறைப்பு இல்லாத தரவு கிடைக்கும், உண்மை. ஏதென்ஸில் 2018-இல் பத்து ட்ரோன்களைப் பறக்கவிட்டு எடுத்த பினியுமா தொகுப்பு பொதுவில் கிடைக்கிறது. கலவையான போக்குவரத்தைப் படிக்க அதிலிருந்து தொடங்கலாம். நம் ஊரில் ட்ரோன் விதிகள் 2021-ன்படி முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் வரை பறக்கலாம். விமான நிலையத்தை ஒட்டிய பகுதியானால் அனுமதிக்கே சர்வேயைவிட அதிக நாள் போகலாம். ஒரு பேட்டரி அரை மணி நேரம் தாங்கினால் அதிகம், உச்ச நேரமோ இரண்டு மணி. இறங்கி ஏறும் இடைவெளியில் தரவு ஓட்டையாகும். இரண்டு ட்ரோன் மாறி மாறி, ஒன்றையொன்று இரண்டு நிமிடம் மேவும்படி அமையுங்கள்.

நம்பர் பிளேட்டை ஹேஷ் செய்துவிட்டோம், அதாவது நேரடியாகத் திருப்பிப் படிக்க முடியாத குறியீடாக மாற்றிவிட்டோம். தனியுரிமைச் சிக்கல் தீர்ந்ததா?

தீரவில்லை. நியூயார்க் டாக்ஸி பயணத் தரவு 2014-இல் வெளியானபோது உரிம எண்களை எம்.டி.5 என்ற முறையில் ஹேஷ் செய்திருந்தார்கள். சாத்தியமான எண்கள் மிகக் குறைவு என்பதால் எல்லாவற்றையும் ஹேஷ் செய்து ஒப்பிட்டு உடனே அவிழ்த்துவிட்டார்கள். நம் பிளேட்டுக்கும் அதே கதைதான்: ஒரு மாநிலத்தில் 99 அலுவலக எண், இரண்டு எழுத்துக்கு 676 சேர்க்கை, 9,999 எண் என்று பெருக்கினால் 67 கோடி. மனிதனுக்குப் பெரிது, கணினிக்குச் சில நிமிட வேலை. ஆகவே தினமும் மாறும் ரகசியச் சாவியைச் சேர்த்து ஹேஷ் செய்யுங்கள், நாள் முடிந்ததும் சாவியை அழியுங்கள். அப்போது ஒரே நாளுக்குள் பொருத்த முடியும், நாள் கடந்து யாரையும் பின்தொடர முடியாது.

பெயர் இல்லாத தடமும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். 15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் தடங்களை வைத்து 2013-இல் வெளியான ஆய்வில், நான்கு இட-நேரப் புள்ளிகள் இருந்தாலே 95 சதவீதம் பேரைத் தனித்து அறிய முடிந்தது. வெளியிடும்போது தொடக்கத்தையும் முடிவையும் வார்டு அளவுக்கு மழுக்குங்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் குறித்த முடிவு எதையும் எடுக்காத ஆய்வுக்கு, குறித்த தரங்களைப் பின்பற்றினால், விலக்கு தருகிறது. விலக்குக்கும் நிபந்தனை உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

டெண்டரில் என்ன எழுதினால் ஐந்து வருடம் கழித்தும் தரவு பயன்படும்?

கருவியின் பெயரை எழுதாதீர்கள், தேவையான துல்லியத்தை எழுதுங்கள்: ‘ஒவ்வொரு வகையிலும், பகல், இரவு, மழை மூன்றிலும் ஜி.இ.எச். 5-க்குள்’. மூலத் தரவு துறைக்குச் சொந்தம் என்று தனிப் பத்தி வேண்டும், இல்லாவிட்டால் பி.டி.எஃப். வரைபடம் மட்டும் கைக்கு வரும். அந்த வரைபடத்திலிருந்து எண்ணை அளவுகோல் வைத்து மீட்கும் வேலை யாருக்கும் வேண்டாம். எண்ணிக்கை சி.எஸ்.வி. கோப்பாக, பேருந்துத் தடங்கள், நேர அட்டவணைக்கான பொது வடிவமான ஜி.டி.எஃப்.எஸ்.-இல். ஜி.டி.எஃப்.எஸ். 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஒரே ஒரு நகரத்துக்காகத் தொடங்கியது. டெல்லி 2018-இல் தன் பேருந்துத் தரவை அதே வடிவில் திறந்துவிட்டது. எளிய வடிவம் என்பதால்தான் இத்தனை வருடம் தாக்குப்பிடித்தது.

கடைசித் தவணையில் ஒரு பங்கை, துறையே தனியாக எண்ணிச் சரிபார்த்த பிறகு கொடுப்பதாக வையுங்கள். எந்தத் துண்டைச் சரிபார்க்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

ஆய்வு முடிவு விதியாக மாற எப்போதும் இத்தனை வருடம் ஆகுமா?

இல்லை. 2022-இல் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு, பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 தரத்தின் திருத்தம் அதே வருடம் டிசம்பரில் முதல் கட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தால் வேகம் வரும். நெரிசலுக்கும் கொள்ளளவுக்கும் அந்த அவசரம் இல்லை. அங்கே, கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் செய்வதுபோல, மூன்று வருடத்துக்கு ஒருமுறை திருத்தம் என்று முன்கூட்டியே தேதி குறித்துவிடுவது பலன் தரும். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்தத் தேதியில் அட்டவணை திறக்கப்படும்.

தானோட்டி வாகனங்களுக்கு இப்போதே ஆய்வு தொடங்க வேண்டுமா?

தமிழ்நாட்டு நகராட்சிக்கு இப்போது தேவையில்லை. தானியங்கி நிலைகளை வரையறுக்கும் ஜே3016 ஆவணமே 2014-க்குப் பிறகு 2016, 2018, 2021 என மூன்று முறை திருத்தப்பட்டது. அந்தப் பணத்தில் நடைபாதையை அளக்கலாம்.

பெரிய நிதி இல்லாத சிறு நகராட்சி எங்கே தொடங்குவது?

ஐந்து இடம் தேர்ந்தெடுங்கள்: ஊருக்குள் நுழையும் இரண்டு சாலை, பேருந்து நிலையம், சந்தை, ஒரு பள்ளி வாசல். தூணில் பெயின்ட் அடித்துக் கேமரா இடத்தையும் கோணத்தையும் நிரந்தரமாகக் குறியுங்கள். ஊருக்கு வெளியே உள்ள சாலைகளுக்கு ஐ.ஆர்.சி. 9 சொல்வது வருடத்துக்கு இரண்டு முறை, ஏழு நாள், 24 மணி நேரம். அதற்கு முடியாவிட்டால் வருடத்துக்கு இரண்டு முறை, செவ்வாய் முதல் வியாழன் வரை, காலை 6 முதல் இரவு 10. பொங்கல், தீபாவளி, தேர்வு விடுமுறை, முகூர்த்த நாள் தவிர்த்து, ஒவ்வொரு வருடமும் அதே வாரம். கல்லூரி மாணவர்கள் வீடியோவைப் பார்த்து எண்ணட்டும். தாளின் மேலே மழை, தோண்டிக்கிடக்கும் சாலை, ஊர்வலம், பெட்ரோல் விலை மாற்றம் என்று அன்றைய நிலவரத்துக்கு நான்கு வரி இடம் விடுங்கள். ‘பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியிருக்கிறார்கள், ஒரு பக்கம் மூடல்’ என்று யாராவது அதில் எழுதிவைத்திருந்தால், எட்டு வருடம் கழித்து அந்த வருடத்துச் சரிவைப் பார்த்து யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்காது.